நாலு மூலைக்கும் ஒரே பிடி

அசர் தொழுகை முடிந்து தேத்தண்ணி ஊற்றுகிற நேரம். சாய்ந்தமருதிலிருந்து ஒரு தம்பி தன் கம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றிவந்து இறக்கினார். கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிற பிள்ளை. "காலம்பற நல்லா ஓடுது காக்கா. பகலானா அப்படியே இழுக்குது. மூணு தரம் பேஸ்ட் மாத்திப் பாத்துட்டன்" என்றார். முகத்தில் களைப்பு. இரண்டு நாளில் கொடுக்கவேண்டிய வீடியோ கையில் இருக்கிறது.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று நிதானமாகச் சொல்லப்போகிறேன். கல்முனையிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் பிள்ளைகள் இப்போது பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாங்களே கம்பியூட்டர் பூட்டுகிறார்கள். நல்ல பழக்கம். அதில் எல்லோரும் பயப்படுவது ப்ரொசெசரை வைக்கும் இடத்துக்கு. உண்மையில் கூடுதலாகப் பிழைப்பது அதற்கு அடுத்த வேலையில், கூலரைப் பூட்டும் வேலையில். நீங்களும் ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்காருங்கள். வெப்பம் போகிற வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில், எவ்வளவு வெப்பம் என்று பார்ப்போம். ப்ரொசெசர் கணக்குப் போடுகிறது. அதற்குக் குடிக்கிற கரண்ட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தால், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு சூடு என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சூடு எவ்வளவு இடத்திலிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டில் சட்டை தேய்க்கிற அயனை நினைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட். அதன் அடித்தட்டு ஏறத்தாழ 150 சதுர சென்ரிமீட்டர். ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு 7 வாட்டளவில் வருகிறது. இப்போது ஏஎம்டியின் ரைசன் 5 5600 என்ற ப்ரொசெசரை எடுப்போம். அதற்குள்ளே கணக்குப் போடுகிற சிலிக்கன் துண்டு ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர்தான், சின்ன விரல் நகத்தின் அளவு. நன்றாக வேலை செய்யும்போது அதிலிருந்து 50 வாட்டுக்கு மேல் கிளம்பும். சதுர சென்ரிமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் அயனைவிட எட்டு மடங்குக்கும் அதிகம். அயனில் கை வைக்க நாம் துணியமாட்டோம். அதைவிட நெருக்கமான சூடு இந்தச் சின்னத் துண்டுக்குள் இருக்கிறது.

இந்தச் சூடு எப்படி வெளியே போகிறது? சிலிக்கன் துண்டின் மேல் ஓர் உலோக மூடி இருக்கிறது. ப்ரொசெசரின் பெயர் பொறித்த வெள்ளி நிற முகம் அதுதான். உள்ளே செம்பு, மேலே நிக்கல் பூச்சு. சூடு அந்த மூடிக்கு வருகிறது. மூடியிலிருந்து கூலரின் அடித்தளத்துக்குப் போகிறது. அங்கிருந்து அலுமினியத் தகடுகளுக்குப் பரவுகிறது. கடைசியில் ஃபேன் தள்ளுகிற காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. நாலு வீடு தாண்டுகிற வழி. ஃபேன் ப்ரொசெசரைக் குளிராக்குவதில்லை, தகடுகளைத்தான் குளிராக்குகிறது. சூடு தகடுவரை வந்து சேராவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேன் சுழன்றும் பயன் இல்லை.

இந்த வழியில் ஒரேயோர் ஒடுங்கிய பாலம் உண்டு. மூடியும் கூலரின் அடித்தளமும் சந்திக்கிற இடம். இரண்டும் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆனால் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் மெல்லிய காற்றுப் படலம்.

உம்மா தேங்காய் ரொட்டி சுடும்போது கவனித்திருப்பீர்கள். கல்லில் போட்ட ரொட்டி எந்த இடத்தில் கல்லைத் தொடுகிறதோ அந்த இடம் சிவக்கும். எழும்பி நிற்கிற இடம் வெள்ளையாகவே கிடக்கும். கல்லின் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுதான். ரொட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் நூலளவு காற்று புகுந்தால் போதும், சூடு ஏறாது. அதனால்தான் உம்மா துணியை மடித்து ரொட்டியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி அழுத்துவார். அந்தத் துணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடி வருவோம்.

காற்று எவ்வளவு பெரிய தடை என்பதற்கு ஓர் எண் உண்டு. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்கு ஏறத்தாழ 400 என்று வைத்தால், காற்றுக்கு 0.026 மட்டுமே. பதினையாயிரம் மடங்கு வித்தியாசம். அந்தக் காற்றை வெளியேற்றி அதன் இடத்தில் நிற்கத்தான் பேஸ்ட் என்கிற பசை வந்தது. சாதாரணப் பேஸ்ட் என்பது சிலிக்கோன் எண்ணெயில் குழைத்த உலோக ஒட்சைட்டுத் தூள். குழந்தைகளின் தோல் சிவப்புக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பில் இருக்கிற சிங்க் ஒட்சைட்டுத்தான் பல பேஸ்ட்களிலும் இருக்கிறது.

இப்போது எல்லோரும் வைத்திருக்கிற அந்தத் தப்பான எண்ணத்துக்கு வருவோம். கம்பியூட்டர் சூடாகிறது என்றால் உடனே "பேஸ்ட் மாத்துங்க" என்கிறோம். பேஸ்ட்தான் ப்ரொசெசரைக் குளிராக்குகிறது, காய்ச்சலுக்கு மருந்து தடவுவதுபோல, கூடப் பூசினால் கூடக் குளிரும், விலை கூடினால் இன்னும் குளிரும் என்று நினைக்கிறோம். இன்னும் சிலர் அது கூலரை ஒட்டிவைக்கிற பசை என்றே நினைக்கிறார்கள். அந்தத் தம்பி மூன்று தரம் பேஸ்ட் மாற்றியதும் இந்த எண்ணத்தால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றுக்கு 0.026 என்றோம். நடுத்தரமான பேஸ்ட் ஒன்றுக்கு 5 என்று எடுப்போம். காற்றைவிட ஏறத்தாழ 190 மடங்கு நல்லது. ஆனால் செம்போ அந்தப் பேஸ்டைவிட 80 மடங்கு நல்லது. அப்படியானால் பேஸ்ட் யார்? காற்றுக்கு முன்னால் அவன் வீரன். செம்புக்கு முன்னால் அவனே ஒரு தடை. உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடத்தில் அவனுக்கு வேலையே இல்லை. தொட முடியாத பள்ளங்களில் மட்டும் அவன் வேண்டும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 10 சதுர சென்ரிமீட்டர் மூடி, 65 வாட் சூடு. நடுவில் 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட், அதாவது எழுதுகிற தாளின் பாதித் தடிப்பு. அந்தப் படலத்தைத் தாண்டுவதற்குச் சூடு இழப்பது ஒரு பாகைகூட இல்லை, 0.65 பாகைதான். அதே பேஸ்ட் ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக நின்றால் 13 பாகை. பேஸ்டே இல்லாமல் அந்த 0.05 மில்லிமீட்டரும் காற்றாக இருந்தால் கணக்கில் 125 பாகை வருகிறது. அந்த வழியால் இவ்வளவு சூடு போகவே முடியாது என்பதுதான் இதன் பொருள்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ்ட் இருக்கவேண்டும், அது மெல்லியதாக இருக்கவேண்டும். இரண்டும் உண்மை. அதை மெல்லியதாக்குவது யார்? நம் விரல் இல்லை, பேஸ்டின் விலையும் இல்லை. கூலரை மூடியின் மேல் அழுத்திப் பிடிக்கிற விசைதான். அழுத்தம் சரியாக இருந்தால் தேவைக்கு மேற்பட்ட பேஸ்ட் விளிம்பால் தானே பிதுங்கி வெளியேறும். அழுத்தம் இல்லாவிட்டால் உலகத்திலேயே சிறந்த பேஸ்டும் தடித்த மெத்தையாக நடுவில் கிடக்கும். ரொட்டியின் விளிம்பை அழுத்துகிற உம்மாவின் துணி இதுதான். கூலர் பூட்டும் வேலை முழுவதும் இந்த அழுத்தத்தைச் சரியாகக் கொடுக்கிற வேலை.

அழுத்தத்தை யார் கொடுக்கிறார்கள் என்று அடுத்துப் பார்ப்போம். பெரும்பாலான கூலர்களில் ஸ்பிரிங்தான் கொடுக்கிறது. நம் கையின் பலம் ஸ்பிரிங்கைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு மட்டும். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அழுத்திக்கொண்டிருப்பது அதன் பொறுப்பு. "இறுக்கமா முறுக்கினேன்" என்பதைவிட "நாலு ஸ்பிரிங்கும் ஒரே அளவு அமுங்கி நிற்குது" என்பதுதான் நல்ல வேலைக்கு அடையாளம்.

இன்டெல் ப்ரொசெசர் பெட்டிக்குள்ளேயே வருகிற கூலரைக் கையில் எடுப்போம். நம் ஊரில் கூடுதலாகப் பாவிப்பது இதுதான், கூடுதலாகப் பிழைப்பதும் இதுதான். 2004இல், ப்ரொசெசர் உட்காருகிற எல்ஜிஏ775 சொக்கெட்டோடு வந்த முறை இன்றுவரை தொடர்கிறது. நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் முளைகள். ஒவ்வொரு முளையிலும் இரண்டு பாகம். வெளியே, பிளந்த காலுள்ள வெள்ளை உறை. உள்ளே, கறுப்பு ஊசி. மேலேயிருந்து அழுத்தினால் வெள்ளைக் கால் மதர்போர்டின் துளைக்குள் நுழைந்து அடியில் எட்டிப்பார்க்கும். இன்னும் அழுத்தினால் கறுப்பு ஊசி அந்தப் பிளவுக்குள் இறங்கிக் காலை விரித்துவிடும். மண்வெட்டிப் பிடியில் ஆப்பு அடிக்கிற மாதிரித்தான். ஆப்பு இறங்கினால் பிடி கழலாது. ஆப்பு பாதியில் நின்றால் இரண்டு கொத்திலேயே கழன்றுவிடும்.

ஒவ்வொரு முளையின் தலையிலும் ஓர் அம்புக்குறி இருக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அம்புக்குறியைப் பார்த்ததும், "அந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது கழற்றுகிற திசை. பூட்டுவதற்கு முன் நாலு முளையையும் அம்புக்கு எதிர்த்திசையில் கடைசிவரை திருப்பி வைக்கவேண்டும். பிறகு அழுத்தவேண்டும், அவ்வளவுதான். அழுத்திய பிறகு "இன்னும் உறுதியாக இருக்கட்டும்" என்று அம்புப் பக்கம் திருப்பினால், இறங்கிய ஆப்பை நாமே மேலே இழுத்துவிடுகிறோம்.

எந்த வரிசையில் அழுத்துவது என்பதும் முக்கியம். கராஜில் வாகனச் சில்லு மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நட்டைக் கடைசிவரை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒன்றைக் கொஞ்சம் இறுக்கி, அதற்கு நேர் குறுக்கே இருப்பதைக் கொஞ்சம் இறுக்கி, அப்படியே மாறி மாறி வருவார்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கினால் சில்லு சரிந்து உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும். மருதமுனையில் தறியில் பாவு கட்டுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். எல்லா நூலும் ஒரே இழுவையில் நிற்காவிட்டால் புடவை சுருங்கி விழும்.

கூலரும் அப்படித்தான். முளை வகையானால் ஒரு மூலையை அழுத்தியதும் அதன் குறுக்கு மூலையை அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டும். ஒவ்வொன்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். ஸ்குரூ வகையானால் முதலில் நாலையும் விரலால் இரண்டு மூன்று சுற்று பிடிக்க வையுங்கள். பிறகு குறுக்கே குறுக்கே இரண்டு சுற்று வீதம் இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் பேஸ்ட் மறுபக்கம் ஒதுங்கும். பிறகு மறுபக்கத்தை இறுக்கினாலும் முதற்பக்கம் சரியாக நிரம்பாமல் காற்று தங்கலாம்.

எவ்வளவு இறுக்குவது என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் ஸ்குரூ உள்ள பெரும்பாலான கூலர்களில் ஸ்குரூ ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். அந்த இடம்தான் கணக்குப் பார்த்து வைத்த அளவு. அதற்கு மேல் பலம் காட்டினால் மரை தேயும், மதர்போர்ட் வளையும். நாலில் ஒன்று மட்டும் நேரத்தோடு நின்றுவிட்டால் அவசரப்படவேண்டாம். எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி மறுபடி குறுக்கே வாருங்கள்.

ஏஎம்டி பக்கத்தில் ஒரு விஷயம். 2017இல் ரைசனோடு பரவிய ஏஎம்4 சொக்கெட்டில், கூலருக்காக மேலே இருக்கிற பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றினால், மதர்போர்டின் பின்னால் இருக்கிற இரும்புத் தகடும் கழன்று விழுந்துவிடும். ஸ்குரூ பிடிக்கவேண்டியது அந்தத் தகட்டைத்தான். ஆகவே கழற்றும்போது பின்னால் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். 2022இல் வந்த ஏஎம்5இல் அந்தத் தகடு சொக்கெட்டோடேயே பொருத்தப்பட்டிருக்கிறது, விழாது.

இன்டெல் பக்கத்தில் கவனிக்கவேண்டியது துளைகளின் இடைவெளி. எல்ஜிஏ775இல் துளைக்குத் துளை 72 மில்லிமீட்டர். 1156இலிருந்து 1200வரை 75 மில்லிமீட்டர். 2021இல் வந்த எல்ஜிஏ1700இல் 78 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய கூலரை இழுத்து நுழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 1700இல் ப்ரொசெசரின் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்திருக்கிறது. எப்படியோ நுழைந்தாலும் ஸ்பிரிங் போதிய அளவு அமுங்காது. பழைய கூலரைப் பாவிக்க விரும்பினால் அந்தச் சொக்கெட்டுக்கு உரிய தாங்கியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி வேலையில் இறங்குவோம். கூலரைப் பூட்டுவது மதர்போர்டைக் கேசிங்குக்குள் வைப்பதற்கு முன். அப்போதுதான் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியும். போர்டை மேசையில் தட்டையாக வைத்து அழுத்தவேண்டாம், முளையின் கால் இறங்க அடியில் இடம் வேண்டும். இரண்டு பக்க விளிம்பும் புத்தகத்தில் நிற்க, துளைகளின் கீழே வெறுமையாக இருக்கிறமாதிரி வையுங்கள். கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். புதுக் கூலர்களில் இந்தத் தாளை மறந்து பூட்டிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு.

பெட்டியோடு வந்த புதுக் கூலரின் அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் ஏற்கனவே பூசியிருந்தால் வேறு வேண்டாம். இல்லாவிட்டால் மூடியின் நடுவில் ஒரு கௌபி மணி அளவு வைத்தால் போதும். எல்ஜிஏ1700 நீள்சதுரமாக இருப்பதால் அதில் சற்று நீட்டி வைக்கலாம். விரலால் பரப்பத் தேவையில்லை, அழுத்தம் பரப்பிக்கொள்ளும். கூலரை நேராக இறக்குங்கள். இறக்கிய பிறகு தூக்கிப் பார்க்க வேண்டாம். தூக்கி மறுபடி வைத்தால் நடுவில் காற்றுக் குமிழிகள் அகப்படும். தூக்க நேர்ந்தால் பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, காயவிட்டு, புதிதாக வைப்பதே சரி.

பூட்டியாயிற்று. சரியாகப் பூட்டினோமா என்று எப்படித் தெரியும்? முதலாவது, போர்டைத் திருப்பிப் பாருங்கள். நாலு துளையிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி தெரியவேண்டும். ஒன்றில் கறுப்பு தெரியாவிட்டால் அந்த ஆப்பு இறங்கவில்லை. இரண்டாவது, கூலரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். கூலர் மட்டும் ஆடினால் பிடிமானம் போதாது. போர்டும் சேர்ந்து அசைந்தால் நல்லது. மூன்றாவது, ஃபேன் வயரை 'சிபியூ ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகிவிட்டோமா என்று பாருங்கள். இதை மறப்பவர்களும் நிறைய.

நாலாவது சோதனை கம்பியூட்டர் ஓடும்போது. இதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பேஸ்டா பிடிமானமா காற்றோட்டமா என்று இது பிரித்துச் சொல்லிவிடும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே பாரமான வேலை ஒன்றைக் கொடுங்கள். சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். 400 கிராம் அலுமினியத்தை ஒரு பாகை சூடாக்க 65 வாட்டுக்கு ஐந்தாறு செக்கன் பிடிக்கும். ஆகவே சூடு கூலருக்குள் ஒழுங்காகப் போகிறதென்றால், தொடக்கத்தில் ஒரு துள்ளலுக்குப் பிறகு, நிமிடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறும். ஓரிரு செக்கனில் நேரே 95, 100 என்று தாவினால் சூடு கூலருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். அப்போது ஃபேனை நிறுத்திவிடாமல், விரலைச் சுழலும் இறகில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, தகட்டின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். திரையில் 99 பாகை, தகடு குளிர்ச்சி என்றால் பாலம் உடைந்திருக்கிறது. தகடும் கொதிக்கிறது என்றால் பாலம் சரி, காற்றோட்டம் போதாது. தூசி துடைக்கவேண்டும், அல்லது கேசிங்குக்கு ஃபேன் வேண்டும்.

சாய்ந்தமருதுத் தம்பியின் கம்பியூட்டரை அப்படித்தான் பார்த்தோம். வீடியோவை ஓடவிட்டு மூன்று செக்கன் ஆகவில்லை, 98 காட்டியது. தகடு பச்சைத் தண்ணீர்போல இருந்தது. போர்டைக் கழற்றித் திருப்பினால் மூன்று துளையில் கறுப்பு ஊசி தெரிகிறது, நாலாவதில் இல்லை. அந்த முளையின் ஒரு கால்தான் துளைக்குள் நுழைந்திருந்தது, மற்றது வெளியே மடங்கிக் கிடந்தது. மூன்று தரமும் நல்ல பேஸ்ட்தான் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அதே மூலை எழும்பியே நின்றிருக்கிறது.

இவ்வளவு சூடாகியும் ப்ரொசெசர் ஏன் எரியவில்லை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம், ஓடிக்கொண்டிருக்கிற கம்பியூட்டர்களிலிருந்து கூலரைக் கழற்றிப் படம்பிடித்துக் காட்டியது. அன்றைய ஏஎம்டி அத்லொன் புகைந்து செத்தது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. அந்தத் தற்காப்பு இன்று எல்லா ப்ரொசெசரிலும் இருக்கிறது. இன்டெலில் பெரும்பாலும் 100 பாகைக்குக் கிட்ட, புதிய ரைசன்களில் 95 பாகைக்குக் கிட்ட அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கூலர் பிழைத்தால் இன்று புகை வராது. கம்பியூட்டர் 'இழுக்கும்', அவ்வளவுதான். அதனால்தான் வருத்தத்தின் இடம் தெரியாமல் பேஸ்டையும் விண்டோஸையும் மாறி மாறி மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பகலில் மட்டும் ஏன் இழுத்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. காற்றால் குளிராகும் கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகமுடியாது. ஏசி போட்ட அறையில் 24 பாகையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் நம் ஊர் மத்தியானம் 33, 34 பாகை. அந்தப் பத்துப் பாகையும் அப்படியே ப்ரொசெசரின் தலையில் ஏறும். வேறோர் இடத்தில் அரைகுறைப் பிடிமானம் தப்பிப் பிழைக்கலாம். நம் கரையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று நம் தூரம். பாகங்களைக் கொழும்பில் வாங்கி, அங்கேயே பூட்டி, இரவு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். இரவு முழுக்கக் குலுங்கி வருகிற கேசிங் நிமிர்ந்து நின்றால், கூலர் சுவரில் மாட்டிய அலுமாரிபோல் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது. நொக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலர் ஃபேனோடு 1320 கிராம். ஆகவே கொண்டுவரும்போது போர்ட் படுத்திருக்க, கூலர் மேல்நோக்கி நிற்க, கேசிங்கைச் சாய்த்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கரண்ட் கொடுக்குமுன் பக்கக் கதவைத் திறந்து நாலு மூலையையும் ஒருதரம் பாருங்கள்.

கழற்றும்போதும் ஒரு வார்த்தை. பழைய பேஸ்ட் இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏஎம்4இல் ப்ரொசெசரின் அடியில் 1331 ஊசிக் கால்கள் உண்டு. கூலரை நேரே இழுத்தால் ப்ரொசெசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளையும். கழற்றுமுன் கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் வேலைசெய்ய விடுங்கள், பேஸ்ட் இளகட்டும். பிறகு கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஸ்குரூக்களை எடுத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்ட பிறகு தூக்குங்கள்.

பேஸ்ட் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வருடங்கள் போனால் அது காய்ந்து பொடியாகும், அப்போது மாற்றத்தான் வேண்டும். அதைப் பிடித்து மெல்லியதாக வைத்திருக்கிற அழுத்தத்தை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அன்று தம்பியே அந்த வளைந்த காலை நிமிர்த்தினார். முளைகளை அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்தார். குறுக்கே குறுக்கே அழுத்தினார். நாலு தரம் 'டிக்' கேட்டது. முதலில் 98 காட்டிய அதே வீடியோ 74 பாகையில் நின்று ஓடி முடிந்தது. அவர் புதிதாக வாங்கிவந்த பேஸ்டில் ஒரு கௌபி மணி அளவுதான் செலவானது.

உங்கள் கம்பியூட்டரும் பகலில் இழுத்தால், பேஸ்ட் வாங்கக் கடைக்குப் போகுமுன் கரண்டை நிறுத்திவிட்டு நாலு மூலையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.